ஏப்ரல் 2024 டூம், ஸ்டோனர் வரவுகள்: உங்கள் காதில் நின்றது எது?

ராயபுரம் ரிஃப்:

மாதம் முடிந்தது, டூம், ஸ்டோனர் என்கிற கனமான மெட்டல், ராக் இசை வகைகளில் வந்த ஆல்பங்களுக்கு வழக்கம்போல கணக்கைத் திறக்கிறேன். போன தடவை மாதிரி பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். ஏன் பிடித்தது, எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை நமக்கு மக்களவைத் தேர்தலுக்கு ஓட்டு போடும் நாள். காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று, விரலில் மையோடு வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால் ஹை ஆன் ஃபயர், மெல்வின்ஸ், மை டையிங் பிரைட் என்று மூன்று குழுக்களும் ஒரே நாளில் ஆல்பத்தோடு வந்து நிற்கிறார்கள். உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வரும். அதோடு மறுநாள் ஏப்ரல் 20, கஞ்சாப் பிரியர்களின் தீபாவளி, ஸ்டோனர் இசைக்காரர்கள் அந்தத் தேதியை விடவே மாட்டார்கள். ஸ்லீப் குழு 2018இல் முன்னறிவிப்பே இல்லாமல் 'த சயன்ஸஸ்' ஆல்பத்தை இறக்கியதும் அதே ஏப்ரல் 20தான். (நமக்குப் புகை எதுவும் வேண்டாம் சாமி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் காற்றே போதும்.)

என் தேர்வு ஹை ஆன் ஃபயரின் 'கமெத் த ஸ்டார்ம்'. புயல் வருகிறது என்று தலைப்பு வைத்தால் டிசம்பரில் மிக்ஜாமைப் பார்த்த நமக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும், ஆனால் உள்ளே சரக்கு இருக்கிறது. பேஸ் கிதார் வாசிக்கும் ஜெஃப் மாட்ஸ் துருக்கி நாட்டுப்புற இசையை முறையாகப் படித்தவர், பாலமா என்கிற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியம் வாசிப்பார். நடுவில் 'கரன்லிக் யோல்' என்று பாடல் வரி இல்லாத ஒரு துண்டு வருகிறது, துருக்கியில் இருண்ட பாதை என்று அர்த்தம். அந்தத் துண்டை மட்டும் நான் நாற்பது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன், அதுவும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பைக்கை நிறுத்திக்கொண்டு. பாடகர் மாட் பைக்கின் குரல் வழக்கம்போல சரளைக் கல்லை மென்று துப்பினது மாதிரி, அதில் மாற்றம் இல்லை.

கொடுங்கையூர் கொசு:

தலைவா, தலைப்பில் டூம் என்று போட்டுவிட்டு முதல் தேர்வே ஹை ஆன் ஃபயரா? அது டூமா? பாதிப் பாட்டு ஓடுகிற வேகத்துக்கு கால் பிசகிவிடும். இப்படியே போனால் அடுத்த மாதம் மெட்டாலிகாவையும் சேர்த்துவிடுவீர்கள்.

ராயபுரம் ரிஃப்:

கொசு வந்தாச்சா, சரி. மாட் பைக் யார்? ஒரே பாட்டை 63 நிமிடம் இழுத்த 'டோப்ஸ்மோக்கர்' ஸ்லீப் குழுவில் அவர் வாசித்ததுதானே? ஸ்லீப் குழு உடைந்தபோது அதே கையால் வேகமாக வாசித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்ததுதான் இது. வேகம் மாறினாலும் கிதாரின் எடை மாறவில்லை. கடைசிப் பாட்டு 'டார்க்கர் ஃப்ளீஸ்' பத்து நிமிடம், அதைக் கேட்டுவிட்டு இது டூம் இல்லை என்று சொல், நான் பெயரை நீக்குகிறேன்.

காசிமேடு சவுண்ட் சர்வீஸ்:

வணக்கம் அண்ணன்களே. என் ஓட்டு ஆசிட் மாமத் குழுவின் 'சூப்பர்சானிக் மெகாஃபானா கொலிஷன்'. ஏப்ரல் 5 வந்தது. கிரீஸ், ஏதென்ஸ்காரர்கள். இரண்டு கிதாரும் அப்பாவும் மகனும். எங்கள் கடையும் அப்பா, நான் இரண்டு பேர்தான், ஆனால் எங்களுக்குள் ஒரு மிக்சர் பொத்தானுக்கே சண்டை வரும், இவர்கள் எப்படி ஒரு ஆல்பம் முழுக்க ஒரே ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டில், நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

17ஆம் தேதி சாயங்காலத்தோடு பிரசாரம் முடிந்ததால் வாடகைக்குப் போன பாக்ஸ் எல்லாம் ராத்திரியே குடோனுக்குத் திரும்பிவிட்டது. பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸ் எட்டு. கூட்டத்தில் யாராவது ஸ்பீக்கரின் கூம்பு மாதிரி இருக்கும் கோனைக் கிழித்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒரு குத்துப்பாட்டு போட்டுப் பார்ப்போம், அன்றைக்கு நான் ஆசிட் மாமத் போட்டேன். சத்தம் அதிகம்கூட இல்லை, பாதிதான். பத்து நிமிடத்தில் எதிர் வீட்டுப் பாட்டி வந்து நின்றார். "ஏம்பா, எவன் லாரிய ஸ்டார்ட்ல போட்டுட்டு போயிட்டான், வெளக்குமாறு ஆணியில ஆடுது" என்கிறார். பாட்டு என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இதைவிட நல்ல விமர்சனம் அந்த ஆல்பத்துக்கு யாரும் எழுதப் போவதில்லை.

தண்டையார்பேட்டை மெட்ரோ:

நான் புதிது. காலேஜ் இரண்டாம் வருடம். இங்கே அண்ணன்கள் எழுதுவதைப் பார்த்து ஆசிட் மாமத்தை கைபேசியில் போட்டுக் கேட்டேன். தப்பாக நினைக்காதீர்கள், தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்டது மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஸ்டோனர் என்றால் என்ன, டூம் என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானா?

காசிமேடு சவுண்ட் சர்வீஸ்:

தங்கச்சி, தப்பு உங்கள் காதில் இல்லை. கிதாரின் அடித் தந்தி சாதாரணமாக 82 ஹெர்ட்ஸ். இவர்கள் அதைத் தளர்த்தி 65 பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள், பேஸ் கிதார் அதற்கும் பாதி. கைபேசியில் இருக்கும் கடுகு சைஸ் ஸ்பீக்கரால் அதைத் தள்ளவே முடியாது, மேலே மிச்சம் இருக்கும் கரகரப்பு மட்டும்தான் வெளியே வரும். அதுதான் உங்கள் தேனீ. முதலில் ஒரு நல்ல இயர்போன் வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

ராயபுரம் ரிஃப்:

வித்தியாசம் கேட்டதற்கு: இரண்டுக்கும் தாய் வீடு பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்துக் குழு. டூம் அதிலிருந்து பயத்தையும் துக்கத்தையும் எடுத்துக்கொண்டது. 1986இல் ஸ்வீடனின் கேண்டில்மாஸ் போட்ட முதல் ஆல்பத்தைக் கேட்டால் தெரியும், கோயில் மணி மாதிரி நிதானமாக விழும். ஸ்டோனர் அதே ரிஃபை எடுத்து வெயிலில் காயப்போட்டது. கலிபோர்னியாவில் பாம் டெசர்ட் பக்கம் கையஸ் மாதிரிக் குழுக்கள் பாலைவனத்துக்கு நடுவில் ஜெனரேட்டர் கொண்டுபோய் வைத்து வாசித்தார்கள், அதில் ஜாஷ் ஹோம்மே கிதாரை பேஸ் ஆம்ப்பில் செருகி வாசித்தவர். துக்கம் கம்மி, ஆட்டம் ஜாஸ்தி. நடுவில் எலெக்ட்ரிக் விசர்ட் மாதிரி ஆட்கள் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு கோடு போட்டுப் பிரிப்பது கஷ்டம். இதற்காகச் சண்டை போடுவது கொசுவுக்கு மட்டும் பிடித்த பொழுதுபோக்கு.

பிரஸ் ஷாப் 62:

தம்பிகளா, எனக்கு 62 வயது, திருவொற்றியூர். எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. தாய் வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள், அந்த வீட்டில் நடந்த விபத்தைச் சொல்லவில்லை.

பிளாக் சப்பாத்தின் கிதார்காரர் டோனி அயோமிக்கு அப்போது 17 வயது, பர்மிங்ஹாமில் தகடு வேலை நடக்கும் ஆலையில் கூலி. வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாள். மெஷினில் வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்தும் கை அதுதான். கிதார் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவருக்கு ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம், ஜாஸ் கிதார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் வாசித்த மனிதர். அதைக் கேட்ட பிறகு அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். தொப்பி போட்ட விரலுக்குக் கனமான தந்தி ஒத்துவராது, அதனால் மெல்லிய தந்தி. 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' வந்தபோது தந்தியை மூன்று அரைச் சுரம் கீழே இறக்கிவிட்டார். நீங்கள் இன்றைக்குத் தேர்வு செய்கிற அத்தனை ஆல்பத்துக்கும் அடியில் இருப்பது அந்தத் தளர்ந்த தந்திதான்.

நான் 23 வருடம் தகடு அடிக்கும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டினேன். ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும், கிளட்ச் விழுந்ததும் 'தம்' என்று ஒரு அடி, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி 'தம்'. அந்த இடைவெளிக்குள் தகட்டை எடுத்து அடுத்ததை வைக்க வேண்டும். எண்ணிக்கை ஏற வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் காப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பக்கத்து மெஷினில் இருந்த என் கூட்டாளிக்கு இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், மெஷினைத் துடைத்து வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள், மதிய ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் டோலக் வாசிப்பான், பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. அவனிடம் யாரும் இசைத்தட்டு கொண்டுவந்து கொடுக்கவில்லை, எனக்கும் அப்போது அந்தக் கதை தெரியாது.

சப்பாத் கேசட் பர்மா பஜாரில் வாங்கியது, அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை, இது நம்ம ஷாப் சத்தம் ஆயிற்றே என்றுதான் நினைத்தேன். இந்த மாத ஆல்பங்களில் ஆசிட் மாமத் எனக்குப் பிடித்தது. அந்த இடைவெளியை அவர்கள் விடுகிறார்கள். ஹை ஆன் ஃபயர் பீஸ் ரேட்டுக்கு, எண்ணிக்கைக்குக் கூலி என்று, ஓட்டுகிற மாதிரி இருக்கிறது.

கொடுங்கையூர் கொசு:

அண்ணே, பீஸ் ரேட். இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், ஆனால் இவ்வளவு அழகாகச் சொல்ல வரவில்லை.

பெரம்பூர் விளம்பகாலம்:

பெரியவர் எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சின்னதாக ஒன்று சேர்க்கிறேன், நான் பத்து வருடம் வாய்ப்பாட்டு படித்தவன். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம், முதல் பாட்டு, அந்த மூன்று சுரம் இருக்கிறதே, அது கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம் (இரண்டு 'ம'வில் மேலே இருப்பது). அவ்வளவுதான். ஐரோப்பாவில் இந்த இடைவெளியைச் சாத்தான் என்று பெயர் வைத்துப் பயமுறுத்துவார்கள். நமக்கு 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களில் சரிபாதி, 37இல் இருந்து 72 வரை, இந்த மத்யமம்தான். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கிறாரே, அதிலும் இதே சுரம்தான், யாரும் பந்தலை விட்டு ஓடவில்லை. அப்படியென்றால் பயம் சுரத்தில் இல்லை, அதை எங்கே நிறுத்துகிறார்கள், எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சுபபந்துவராளி ராகம் கேட்டுப் பாருங்கள், டூமுக்குப் பக்கத்து வீடு.

இந்த மாதத்தில் எனக்கு மை டையிங் பிரைடின் 'எ மார்ட்டல் பைண்டிங்'. இங்கிலாந்து, யார்க்‌ஷயர் பக்கம். வயலின் இருக்கிறது, அதை மேலே பூசாமல் கிதாரோடு சேர்த்தே அழவிடுகிறார்கள். 'த அபாகலிப்டிஸ்ட்' என்ற பாட்டு பதினோரு நிமிடம், அதில் வயலின் வரும் இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டேன்.

கொடுங்கையூர் கொசு:

ஆரம்பித்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் சபாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு துக்கத்துக்குச் சுபபந்துவராளியா? நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் என்ன வாசிக்கிறான் என்று யாராவது காது கொடுத்தீர்களா? மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் மேளம் எந்த வேகத்தில் போகிறது? ஆட்டம் எப்படி? நம் துக்கம் வேகமானது சார். மெதுவாக அழுவது வெள்ளைக்காரன் பழக்கம். அதனால்தான் எனக்கு இந்த 83 நிமிடம் இழுக்கிற ஆட்களைக் கண்டாலே ஆகாது.

புளியந்தோப்பு கானா:

கொசு, பாதிதான் சொன்னாய். ஊர்வலத்தில் மேளம் வேகம், சரி. அது பகல். அதற்கு முந்தின ராத்திரி என்ன நடக்கும்? பந்தலுக்குக் கீழே நாலு பேர் உட்கார்ந்து, ஒரு டேப்பு, ஒரு டோலக்கு, இல்லையென்றால் ஒரு தீப்பெட்டியை வைத்துத் தட்டிக்கொண்டு, செத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லி விடியும் வரை பாடுவார்கள். மரண கானா. எங்கள் மாமா பாடுவார். அவர் என்ன வேகத்தில் பாடுவார் என்று நினைக்கிறாய்? இரண்டு வரிக்கு நடுவில் நீ டீ குடித்துவிட்டு வரலாம். ஊரே தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இழுப்பார்.

உனக்கு ஆகாத அந்த 83 நிமிடம் பெல் விட்ச் என்ற குழுவின் 'மிரர் ரீப்பர்', 2017. கிதாரே கிடையாது, பேஸும் டிரம்மும்தான் முக்கியம். முழு ஆல்பமும் ஒரே பாட்டு. அவர்களுடைய பழைய டிரம்மர் இறந்துபோனார், அவருக்காகப் போட்டது, அவர் உயிரோடு இருந்தபோது பதிவான குரலையே நடுவில் வைத்திருக்கிறார்கள். நான் முதலில் கேட்டபோது மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

கொடுங்கையூர் கொசு:

சரி, அந்த ராத்திரியை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 83 நிமிடம் இன்னும் கேட்கப் போவதில்லை.

மண்ணடி மிக்ஸ்டேப்:

யாரும் மெல்வின்ஸ் பக்கம் வரவில்லையே? 'டரான்டுலா ஹார்ட்'. ஐந்தே பாட்டு, முதல் பாட்டே 19 நிமிடம். செய்த விதம் விசித்திரம்: முதலில் பாட்டு எழுதாமல், இரண்டு டிரம்மர்களோடு குழு சேர்ந்து வாசித்ததைப் பதிவு செய்துகொண்டு, அப்புறம் குழுத் தலைவர் பஸ் ஆஸ்போர்ன் அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அதன் மேல் புதிதாக ரிஃப் எழுதியிருக்கிறார். வீடு கட்டிவிட்டு அஸ்திவாரம் போடுவார்கள் என்று கேலி செய்வோம், இவர் மாடிப்படியை முதலில் வாங்கிவிட்டு வீடு கட்டியிருக்கிறார், அது நிற்கவும் செய்கிறது.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? ஹை ஆன் ஃபயரில் இப்போது டிரம் வாசிக்கும் கோடி வில்லிஸ், முன்னாளில் மெல்வின்ஸில் இரண்டு டிரம்மர்களில் ஒருவராக இருந்தவர். புது வீட்டு ஆல்பமும் பழைய வீட்டு ஆல்பமும் ஒரே வெள்ளிக்கிழமை.

ராயபுரம் ரிஃப்:

மெல்வின்ஸ் எனக்கு மொக்கை, மன்னிக்கவும். அந்த 19 நிமிடத்தில் ஒரு எட்டு நிமிடம் செம, மிச்சம் யாரோ ஷட்டரை ஏற்றி இறக்குகிறார்கள்.

ஹெவி டெம்பிளின் 'கார்டன் ஆஃப் ஹீத்தன்ஸ்' விட்டுப்போயிற்று, ஏப்ரல் 12, ஃபிலடெல்ஃபியா. பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் பெண்மணிதான் குழுவின் தூண். நன்றாக இருக்கிறது, ஆனால் பாட்டு முடிந்ததும் எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

நம் ஊர் பக்கம் வருவோம். பெங்களூருக்கு பெவார் சீ என்ற குழு இருக்கிறது, 2012இலேயே முழு ஸ்டோனர் டூம் ஆல்பம் போட்டுவிட்டார்கள். பெயர் கன்னடத்தில் ஒரு திட்டு, நம் பேமானி மாதிரி, அதன் வாலை ஆங்கிலத்தில் 'சீ', அதாவது கடல், என்று எழுதி மறைத்திருக்கிறார்கள். ஜின் அண்ட் மிஸ்கடானிக் என்ற குழுவும் அங்கேதான். கடல் நம்மிடம் இருக்கிறது, பேமானி என்ற வார்த்தையும் நம்மிடம் இருக்கிறது, குழுவை மட்டும் அவன் வைத்துக்கொண்டான். இந்தப் பக்கம் யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் கை தூக்குங்கள்.

வியாசர்பாடி பேஸ்:

கை தூக்குகிறேன், பாதி. நானும் ஒரு டிரம்மரும். டிசம்பர் மழையில் என் பேஸ் ஆம்ப் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மின்மாற்றி போய்விட்டது, அதை மாற்றியாயிற்று. கோன் மட்டும் உப்பிக் காய்ந்து ஒரு பக்கம் பிரிந்து போய், இப்போது எதை வாசித்தாலும் கரகரவென்றுதான் வருகிறது. ஃபஸ் பெடல், அதான் சத்தத்தைக் கரகரப்பாக்கும் மிதி, வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசை மின்மாற்றிக்குக் கொடுத்தேன், பெடல் இல்லாமலேயே ஃபஸ் கிடைத்துவிட்டது. முதலில் அழுகை வந்தது, இப்போது யாராவது சரி செய்து தருகிறேன் என்றால் பயமாக இருக்கிறது.

காசிமேடு சவுண்ட் சர்வீஸ்:

அண்ணா, அதை நான் பார்க்கிறேன். கோனைத் தொட மாட்டேன், அதை ஆட்டும் கம்பிச் சுருள், வாய்ஸ் காயில், உரசுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். உரசினால் ஒரு நாள் மொத்தமாகப் போய்விடும்.

தண்டையார்பேட்டை மெட்ரோ:

இயர்போன் வாங்கிவிட்டேன். 900 ரூபாய், அம்மாவிடம் 400 என்று சொல்லியிருக்கிறேன். மண்ணடி அண்ணன் சொன்ன 19 நிமிடத்தை மெட்ரோவில் போட்டேன். ஆயிரம் விளக்கு வந்தும் பாட்டு முடியவில்லை. சுரங்கத்துக்குள் ரயில் உறுமுகிற சத்தத்தில் பேஸ் கரைந்துவிடுகிறது, எது ரயில் எது பாட்டு என்று தெரியவில்லை, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆசிட் மாமத்தை வீட்டில் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் மறுபடி கேட்டேன். தேனீ இல்லை. ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பெரியவர் சொன்ன இடைவெளியை எண்ணிக்கொண்டே கேட்டேன்.

ஆனால் என் ஓட்டு அந்தத் துருக்கித் துண்டுக்கு. மன்னிக்கவும் கொசு அண்ணா.

பிரஸ் ஷாப் 62:

நல்லது மா. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

ராயபுரம் ரிஃப்:

மே 17 பால்பேரர் ஆல்பம் வருகிறது, 'மைண்ட் பர்ன்ஸ் அலைவ்'. ஆர்கன்சாஸ், லிட்டில் ராக் ஊர்க்காரர்கள். முன்னால் வந்த பாட்டுகளைக் கேட்டால் கரகரப்பைக் குறைத்து, குரலை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். விளம்பகாலம் சாருக்குப் பிடிக்கும், கொசு திட்டும்.

ஒரு யோசனை. இதை ஆளுக்கு ஒரு மூலையில் கைபேசியில் கேட்காமல், 19ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம் காசிமேட்டுக் குடோனில் அந்த எட்டு பாக்ஸில் போட்டுக் கேட்டால் என்ன? வியாசர்பாடி ஆம்ப்பையும் கொண்டு வரட்டும். பெரியவருக்கு நாற்காலி போட்டுவிடலாம்.

காசிமேடு சவுண்ட் சர்வீஸ்:

அப்பாவிடம் கேட்டேன், முகூர்த்த நாளாக இருந்தால் பாக்ஸ் வெளியே போய்விடும், இல்லையென்றால் சரி என்கிறார். எதிர் வீட்டுப் பாட்டியிடம் நான் முன்கூட்டியே சொல்லி விளக்குமாற்றை இறக்கி வைக்கச் சொல்கிறேன். ஒரே பிரச்சினை, கத்திரி வெயில் நேரம், சாயங்காலம் எங்கள் தெருவில் கரண்ட் நிற்காது. ஜெனரேட்டர் கடையில் இருக்கிறது, டீசல் மட்டும் நீங்கள் போட வேண்டும்.

கொடுங்கையூர் கொசு:

பாலைவனத்தில் அவர்கள் ஜெனரேட்டர் வைத்து வாசித்தபோது டீசல் யார் போட்டார்கள் என்று ரிஃப் அண்ணனிடம் கேளுங்கள். என் பங்கு ஐம்பது ரூபாய். அதிலும் ஹை ஆன் ஃபயர் போட்டால் திருப்பி வாங்கிக்கொள்வேன்.